மருத்துவமும் சமூகத்தின் மனப்பான்மையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடம்பு முடியாத ஒருவர் மருத்துவரின் அறைக்குள் நுழையும் முன்பே பல விஷயங்கள் முடிவாகிவிடுகின்றன. அவருக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும், அவர் சொல்வது எவ்வளவு தூரம் நம்பப்படும், அவருடைய தொல்லைக்கு நோய் என்ற பெயர் கிடைக்குமா, செலவை யார் ஏற்பார்கள் என்பவை அவை. இவற்றுள் மிகச் சிலவே ஆய்வுக்கூடத்தில் முடிவானவை. மீதியெல்லாம் ஒரு சமூகம் மனிதர்களை எப்படி எடைபோடுகிறது என்பதைப் பொறுத்து அமைந்தவை. இதைப் பற்றித் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுத முயன்றிருக்கிறேன். விடைகள் ஒரே அளவில் இருக்காது; சில கேள்விகளுக்கு ஒரு பத்தி போதும், சிலவற்றுக்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும்.

மருத்துவம் என்பது அறிவியல்தானே? அதில் சமூகத்தின் மனப்பான்மைக்கு என்ன வேலை?

நோய்க்கிருமி எப்படிப் பெருகுகிறது, இதயம் எப்படி ரத்தத்தைத் தள்ளுகிறது என்பவை அறிவியல். ஆனால் மருத்துவம் நடைபெறுவது இரண்டு மனிதர்களுக்கு இடையில். அந்த இருவரும் தத்தம் சமூகத்தின் கூச்சத்தையும் மரியாதையையும் பயத்தையும் சுமந்துகொண்டுதான் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். மருத்துவத்தின் அடையாளமாகவே ஆகிவிட்ட ஸ்டெதாஸ்கோப் எப்படிப் பிறந்தது என்பதைப் பார்த்தாலே இது விளங்கும்.

1816-ஆம் ஆண்டு, பாரிஸில் நெக்கர் மருத்துவமனையில் பணியாற்றிய ரெனே லென்னெக் என்ற மருத்துவரிடம் இதயக் கோளாறின் அறிகுறிகளோடு ஓர் இளம்பெண் வந்தார். நோயாளியின் மார்பில் நேரடியாகக் காதை வைத்துக் கேட்பதே அக்காலத்து வழி. பருத்த உடல் என்பதால் விரலால் தட்டிப் பார்த்தும் பயனில்லை. அவருடைய வயதும் அவர் பெண் என்பதும் மார்பில் காதை வைக்க இடம் தரவில்லை. லென்னெக் கையில் கிடைத்த காகிதக் கட்டை இறுக்கிச் சுருட்டினார். ஒரு முனையை அந்தப் பெண்ணின் மார்பிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்தார். நேரடியாகக் கேட்பதைவிடத் தெளிவாக இதயத் துடிப்பு கேட்டது. பிறகு அவர் மரத்தில் கடைந்து ஒரு குழாய் செய்தார். 1819-இல் தன் முறையை விரிவாக எழுதி வெளியிட்டார்.

ஒரு சமூகத்தின் நாணம் ஒரு கருவியைத் தந்தது. அந்தக் கருவி நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே ஒரு முழ தூரத்தையும் தந்தது. மனப்பான்மை மருத்துவத்தைக் கெடுக்க மட்டுமே செய்யும் என்று நினைப்பவர்களுக்கு இந்த நிகழ்ச்சியை முதலில் சொல்வது என் வழக்கம்.

கண்ணெதிரே சான்று இருந்தும் மருத்துவ உலகம் ஏற்க மறுத்தது உண்டா?

உண்டு. மிகவும் வலிக்கும் எடுத்துக்காட்டு, வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவ வார்டுகள். அங்கே இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயிற்சி பெற்றார்கள்; மற்றதில் மருத்துவச்சிகள் பயின்றார்கள். எந்த நாளில் எந்தப் பிரிவில் அனுமதி என்பது முறைவைத்து மாறிக்கொண்டிருந்தது. முதல் பிரிவில் பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மார்கள் சுமார் 10 சதவீதம். இரண்டாவதில் 4 சதவீதத்துக்கும் குறைவு. இந்த வேறுபாடு ஊருக்கே தெரிந்திருந்தது. முதல் பிரிவின் நாளில் வந்து சேர்ந்த பெண்கள், தங்களை அங்கே அனுப்ப வேண்டாம் என்று மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். சிலர் வழியிலேயே, தெருவில் பிள்ளை பெற்றுக்கொண்டு வந்தார்கள். அப்படிப் பெற்றவர்களுக்குக் காய்ச்சல் அரிதாகவே வந்தது.

அங்கே உதவி மருத்துவராக இருந்த இக்னாஸ் செம்மல்வைஸின் நண்பரான பேராசிரியர் கோலெச்கா, 1847-இல் பிணப் பரிசோதனையின்போது ஒரு மாணவரின் கத்தி பட்டு இறந்தார். அவர் உடலில் கண்ட மாற்றங்கள் பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மார்களின் உடலில் கண்டவற்றைப் போலவே இருந்தன. பிணவறையிலிருந்து நேரே பிரசவ வார்டுக்கு வரும் மருத்துவர்களின் கைகளே நோயைச் சுமந்து வருகின்றன என்று செம்மல்வைஸ் உணர்ந்தார். அந்த ஆண்டு மே மாதம் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவுவதைக் கட்டாயமாக்கினார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த இறப்பு, ஜூனில் சுமார் 2 சதவீதமாக இறங்கியது.

அப்படியும் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே நோயைப் பரப்புகின்றன என்ற கிருமிக் கொள்கை இன்னும் நிலைபெறாத காலம் அது. செம்மல்வைஸும் தன் முடிவுகளை 1861 வரை நூலாக எழுதவில்லை. எழுதியபோது எதிர்த்தவர்களைக் கொலைகாரர்கள் என்று சாடினார். இவையெல்லாம் காரணங்கள்தான். எனினும், கற்றவர்கள், கனவான்கள் என்று மதிக்கப்பட்டவர்களின் கை அசுத்தமானது என்ற சொல்லை அந்தச் சமூகத்தால் செரிக்க முடியவில்லை என்பதே ஆழமான காரணம் என்று நான் கருதுகிறேன். 1865-இல் ஒரு மனநலக் காப்பகத்தில், 47 வயதில், அவர் இறந்தார். இதில் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. எந்த வார்டு ஆளைக் கொல்கிறது என்பது மண்டியிட்ட அந்த ஏழைப் பெண்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அவர்கள் சொன்னதை யாரும் சான்றாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

எது நோய், எது நோயல்ல என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?

எலும்பு முறிவைப் பற்றி யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் நடத்தையும் மனமும் தொடர்பான இடங்களில் நோயின் எல்லைக்கோட்டைச் சமூகமே வரைகிறது. அந்தக் கோடு இடம் மாறிக்கொண்டும் இருக்கிறது. 1851-இல் அமெரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்த சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், அடிமைகள் எசமானரிடமிருந்து தப்பி ஓடுவதை ஒரு நோய் என்று எழுதி, அதற்கு டிராபெட்டோமேனியா என்று பெயரும் வைத்தார். விடுதலையை விரும்புவது இயல்பு என்று ஒப்புக்கொண்டிருந்தால் அடிமை முறையைத் தவறு என்று சொல்ல வேண்டி வந்திருக்கும். நோய் என்று சொல்லிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

ஒருபால் ஈர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1973-இல். உலக சுகாதார நிறுவனம் நீக்கியது 1990-இல். இடைப்பட்ட காலத்தில் அந்த மனிதர்களின் உடலில் எதுவும் மாறவில்லை, பார்த்தவர்களின் கண்தான் மாறியது.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். முதல் உலகப் போரில் பீரங்கிச் சத்தத்துக்கு நடுவே மாதக்கணக்கில் பதுங்குகுழியில் கிடந்து, கை நடுங்கி, பேச்சு இழந்து, ஓடிப்போன பிரித்தானிய வீரர்கள் பலர் கோழைகள் என்றும் ஓடுகாலிகள் என்றும் தீர்ப்பளிக்கப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் சிலருக்கேனும் இருந்தது இன்று நாம் மன அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பு என்று அழைக்கும் நிலை. அந்த நோய்க்கு அமெரிக்க மனநல வகைப்பாட்டில் பெயர் கிடைத்தது 1980-இல்தான். அப்படிச் சுடப்பட்டவர்களில் 306 பேருக்கு 2006-இல் பிரித்தானிய அரசு மன்னிப்பு வழங்கியது.

நோய்க்கு ஒரு பெயர் கிடைப்பதால் மட்டும் என்ன மாறிவிடும்?

நிறைய மாறும். பெயர் இருந்தால் விடுப்பு கிடைக்கும், காப்பீடு கிடைக்கும், வீட்டில் உள்ளவர்கள் நம்புவார்கள். நோயாளி என்பது ஒரு சமூகப் பாத்திரமும்கூட என்று சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ் 1951-இல் விளக்கினார்: நோயாளிக்கு அன்றாடக் கடமைகளிலிருந்து விலக்கு உண்டு, நோய்வாய்ப்பட்டதற்காக அவரைக் குறை சொல்லக் கூடாது, பதிலுக்கு அவர் குணமடைய முயல வேண்டும், உரிய மருத்துவரை நாட வேண்டும். நீண்டகாலக் களைப்பு, காரணம் பிடிபடாத உடல்வலி போன்றவற்றால் துன்புறுபவர்களுக்கு இந்த ஒப்பந்தம் எளிதில் வாய்ப்பதில்லை. பரிசோதனை முடிவுகள் எல்லாம் சரியாக இருக்கின்றன என்று சொல்லி அனுப்பப்பட்ட ஒருவர், நோயோடு சேர்த்துப் பொய்யர் என்ற பழியையும் சுமக்கிறார்.

ஒருவரின் வலி ஏன் நம்பப்படுகிறது, இன்னொருவரின் வலி ஏன் நம்பப்படுவதில்லை?

வலியை அளக்கும் கருவி கிடையாது. சொல்பவரின் சொல்லே அளவுகோல். ஆகவே யாருடைய சொல்லுக்கு வெளியே மதிப்பு குறைவோ, அவருடைய வலிக்கு உள்ளேயும் மதிப்பு குறைகிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேர், கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பது போன்ற பொய்யான உடலியல் நம்பிக்கைகளில் ஒன்றையாவது உண்மை என்று ஏற்றிருந்தார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள்.

பெண்களின் நிலை வேறொரு வகையில் சிக்கலானது. பல நூற்றாண்டுகளாகப் பெண்களின் எத்தனையோ தொல்லைகளை ஹிஸ்டீரியா என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு மூடினார்கள். அந்தப் பெயர் அமெரிக்க மனநல வகைப்பாட்டிலிருந்து 1980-இல்தான் எடுக்கப்பட்டது. மாரடைப்பின் போது ஆண்களைப் போலவே பெண்களுக்கும் நெஞ்சுவலி வரும். ஆனால் மூச்சுத்திணறல், குமட்டல், முதுகிலோ தாடையிலோ வலி, சொல்லத் தெரியாத அசதி ஆகியவை அவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. பாடப்புத்தகத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் ஆணின் படத்தை மட்டுமே பார்த்துப் படித்தவர், களைப்பாக இருக்கிறது என்று சொல்லும் பெண்ணைப் பதற்றம் என்று சொல்லி அனுப்பிவிட வாய்ப்பிருக்கிறது.

மருந்து ஆய்வுகளிலும் இந்தக் குறை இருந்ததா?

இருந்தது, அதுவும் நல்ல நோக்கத்தோடு தொடங்கியது. 1957 முதல் 1961 வரை விற்பனையான தாலிடோமைடு மருந்தைக் கர்ப்ப காலத்தில் உட்கொண்ட தாய்மார்களுக்குக் கை கால் வளராத குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்தன. அந்த அச்சத்தில், கருத்தரிக்கும் வயதுள்ள பெண்களை மருந்துச் சோதனையின் தொடக்கக் கட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1977-இல் வழிகாட்டியது. 1993-இல்தான் அது திரும்பப் பெறப்பட்டது. காக்க வேண்டும் என்று நினைத்து ஒதுக்கிவைத்ததால், அந்த மருந்துகள் பெண்ணுடலில் எப்படி வேலை செய்யும் என்பதே சரிவரத் தெரியாமல் போயிற்று. ஜோல்பிடெம் என்ற தூக்க மருந்து அமெரிக்காவில் 1992-இல் அனுமதி பெற்றது. பெண்களின் உடலில் அது ஆண்களைவிட மெதுவாகவே வெளியேறுகிறது என்பதால் பெண்களுக்கான அளவைப் பாதியாகக் குறைக்க அந்த அமைப்பு சொன்னது 2013-இல். அதாவது 20 ஆண்டுகளுக்கும் மேலாகப் பெண்கள் ஆணின் அளவையே விழுங்கிவந்தார்கள்.

கருவிகளுக்கும் இது பொருந்தும். விரல்நுனியில் மாட்டி ரத்த ஆக்சிஜனைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர், கருமையான தோலில் உண்மை அளவைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். ரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டாமல் விட்டது, வெள்ளையின நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று 2020 டிசம்பரில் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. கருவிக்கு வெறுப்பு கிடையாது. யாருடைய விரலில் அதைச் சோதித்துச் சரிபார்த்தார்கள் என்பதில்தான் குறை.

மருத்துவராகும் உரிமை எப்போதும் எல்லோருக்கும் இருந்ததா?

இல்லை. 1869-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சோஃபியா ஜெக்ஸ்-பிளேக் உள்ளிட்ட ஏழு பெண்கள் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார்கள். 1870 நவம்பரில் உடற்கூறியல் தேர்வெழுத வந்த அவர்கள்மேல் மாணவர்களும் மற்றவர்களுமாகக் கூடிய கூட்டம் சேற்றை வாரி வீசியது. வாயிற்கதவை முகத்தில் அறைந்து மூடியது. தேர்வு மண்டபத்துக்குள் ஓர் ஆட்டையும் தள்ளிவிட்டது. சேறு அப்பிய உடையோடு அவர்கள் உட்கார்ந்து தேர்வெழுதினார்கள். கடைசியில் பல்கலைக்கழகம் பட்டம் தரவில்லை. நீதிமன்றமும் தர வேண்டியதில்லை என்றது. அந்த எழுவருக்கும் அதே பல்கலைக்கழகம் மதிப்புறு பட்டங்களை வழங்கியது 2019-இல், அவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லாத காலத்தில்.

தரத்தை உயர்த்தும் சீர்திருத்தங்கள்கூட ஒரு பக்கமாகச் சாயலாம். ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளை நேரில் பார்த்து 1910-இல் அளித்த அறிக்கை, பெயருக்கு நடந்த கல்லூரிகள் பலவற்றை மூடவைத்தது. அது தேவையான வேலைதான். ஆனால் கறுப்பினத்தவருக்கென இருந்த ஏழு கல்லூரிகளில் இரண்டே மிஞ்சின. மற்றக் கல்லூரிகள் பெரும்பாலும் அவர்களைச் சேர்க்காத நாட்டில் இதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

மருத்துவமனைக்குள் உள்ள மேல்-கீழ் அடுக்கு நோயாளியைப் பாதிக்குமா?

காலை ரவுண்ட்ஸ் நேரத்தை நினைத்துப் பாருங்கள். கட்டிலைச் சுற்றி ஐந்தாறு பேர் நிற்கிறார்கள். மூத்த மருத்துவர் கேட்கிறார், இளையவர் கோப்பைப் பார்த்துப் பதில் சொல்கிறார், பேச்சு முழுவதும் நோயாளியின் தலைக்கு மேலே நடக்கிறது. பதினான்காம் கட்டிலுக்கு இரவு முழுக்கத் தூக்கமில்லை என்பது இரவுப் பணி பார்த்த செவிலியருக்குத் தெரியும். அவர் வரிசையின் கடைசியில் நிற்கிறார், அவரை யாரும் கேட்பதில்லை. கட்டிலில் இருப்பவருக்கும் தெரியும், அவரையும் கேட்பதில்லை. மூன்று நிமிடத்தில் கூட்டம் அடுத்த கட்டிலுக்கு நகர்கிறது.

அறுவை அரங்கில் இந்த மௌனம் உயிரையே வாங்கும். தவறான பக்கத்தில் கத்தி வைக்கப்போகிறார் என்று கண்ணால் பார்த்தும், பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கி நிற்பவர் இருக்கும்வரை எந்தத் தொழில்நுட்பமும் முழுப் பாதுகாப்பைத் தராது. 2008-இல் உலக சுகாதார நிறுவனம் அறிமுகப்படுத்திய அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைக்கும் முன் அரங்கில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்ற வரி இருப்பது இதனால்தான். ஒருமுறை வாய்திறந்து பெயர் சொன்னவர், தேவைப்படும்போது மறுமுறை வாய்திறக்கத் துணிவார். எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் இதைச் சோதித்தபோது, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில் இதே பட்டியலைக் கட்டாயமாக்கியபோது குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை என்று 2014-இல் தெரியவந்தது. பட்டியலைக் கொண்டுவருவது எளிது. கீழே நிற்பவர் பேசலாம் என்ற மனநிலையை அதோடு சேர்த்துக் கொண்டுவருவதுதான் கடினம் என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

செலவை யார் ஏற்பது என்பது வெறும் நிதி விஷயம்தானே?

நோய் தனிமனிதரின் தலைவிதியா, எல்லோரும் சேர்ந்து தாங்க வேண்டிய சுமையா என்ற கேள்விக்கு ஒரு சமூகம் அளிக்கும் விடையே அங்கே நிதி ஏற்பாடாகிறது. ஜெர்மனி 1883-இல் தொழிலாளர்களுக்குக் கட்டாய நோய்க் காப்பீட்டைக் கொண்டுவந்தது. பிரிட்டன் 1948 ஜூலை 5 அன்று வரிப்பணத்தில் இயங்கும் தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கியது. மருத்துவருக்கு எப்படிப் பணம் தரப்படுகிறது என்பதும் சிகிச்சையை வளைக்கும்: ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனிக் கட்டணம் என்றால் பரிசோதனைகள் பெருகும், ஆளுக்கு இவ்வளவு என்று மொத்தமாகத் தந்தால் செலவுள்ள நோயாளியைத் தவிர்க்கத் தோன்றும், மாதச் சம்பளம் என்றால் இரண்டு சபலமும் குறையும், ஆனால் வரிசை நீளலாம்.

வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர்களிடையே பணியாற்றிய ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர், நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது என்பதை 1971-இல் ஒரு விதியாகவே வகுத்தார். சந்தையின் கையில் மருத்துவம் எவ்வளவுக்கு விடப்படுகிறதோ அவ்வளவுக்கு இந்த விதி கடுமையாகும் என்பது அவர் முடிவு.

நோயைவிட நோயின் பெயர் அதிகம் துன்புறுத்துவது ஏன்?

தொழுநோயைப் பாருங்கள். அதன் கிருமியை நார்வே மருத்துவர் ஹான்சன் 1873-இல் கண்டார். 1940-களில் பயன்தரும் மருந்து வந்தது. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துமுறை நோயை முற்றிலும் குணப்படுத்துகிறது. இருந்தும் ஜப்பானில் நோயாளிகளைப் பிரித்து அடைத்துவைக்கும் சட்டம் 1996 வரை நீடித்தது. காப்பகத்துக்குள் போனவர்களில் பலர், ஊரில் தம் குடும்பத்தின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று சொந்தப் பெயரை விட்டு வேறு பெயரில் வாழ்ந்தார்கள். மருந்து வந்து அரை நூற்றாண்டு ஆன பிறகும் அவர்களை வெளியே விடாதது கிருமி அல்ல. அந்தப் பிரித்துவைப்பு அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று 2001-இல் அங்கே ஒரு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எய்ட்ஸ் பரவத் தொடங்கிய ஆண்டுகளில் நோயாளிகளே இதை நேரடியாக எதிர்கொண்டார்கள். 1983-இல் அமெரிக்காவின் டென்வரில் கூடிய ஒரு சிறு குழு, தங்களைப் பலியானவர்கள் என்று அழைக்கக் கூடாது, எய்ட்ஸ் உள்ள மனிதர்கள் என்றே சொல்ல வேண்டும், தங்கள் சிகிச்சை பற்றிய முடிவுகளில் தங்களுக்கும் இடம் வேண்டும் என்று அறிவித்தது. மருத்துவ ஆய்வுகளில் நோயாளிகளின் பிரதிநிதிகள் அமர்வது இன்று பல இடங்களில் வழக்கமாகியிருப்பதில் அந்தக் குரலுக்குப் பங்கு உண்டு.

நோயின் தீவிரத்தை நோயாளியிடம் சொல்ல வேண்டுமா, மறைக்க வேண்டுமா?

1961-இல் அமெரிக்க மருத்துவர்களிடம் கேட்டபோது, சுமார் 90 சதவீதம் பேர் புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாமலிருப்பதே தம் வழக்கம் என்றார்கள். 1979-இல் அதே கேள்விக்கு 97 சதவீதம் பேர் சொல்வதையே விரும்புவதாகக் கூறினார்கள். பதினெட்டே ஆண்டுகளில் ஒரு தொழிலின் மனசாட்சி நேரெதிராகத் திரும்பியிருக்கிறது. சிகிச்சைகள் மேம்பட்டது ஒரு காரணம். தன் உடல் பற்றி அறிவது தன் உரிமை என்ற எண்ணம் சமூகத்தில் வலுப்பெற்றது இன்னொரு காரணம். இன்றும் பல சமூகங்களில், அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் டாக்டர் என்று வராந்தாவில் நின்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுடைய அன்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆயினும், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள், யாரிடம் நான் பேச வேண்டும் என்று முதலில் நோயாளியிடமே கேட்பதுதான் முறை என்பது என் உறுதியான எண்ணம். சிலர் எல்லாம் தெரிய வேண்டும் என்பார்கள்; சிலர் மகளிடம் சொல்லுங்கள் என்பார்கள். இரண்டுமே அவர்கள் எடுத்த முடிவு.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது மருத்துவமனையின் பாதுகாப்புக்காகத்தானே?

நடைமுறையில் பல இடங்களில் அப்படி ஆகிவிட்டது, ஆனால் அது பிறந்த கதை வேறு. வதைமுகாம்களில் கைதிகள்மேல் நாஜி மருத்துவர்கள் நடத்திய கொடிய சோதனைகளை விசாரித்த நீதிமன்றம் 1947-இல் வகுத்த நியூரம்பெர்க் நெறிமுறையின் முதல் விதியே தன்விருப்ப ஒப்புதல்தான். அதற்குப் பிறகும், அமெரிக்காவின் டஸ்கிகீ பகுதியில் 1932-இல் தொடங்கிய ஓர் ஆய்வு 1972 வரை நிற்காமல் நடந்தது. சுமார் 600 கறுப்பின ஆண்கள், அவர்களில் 399 பேருக்குச் சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய். கெட்ட ரத்தம் என்று மட்டும் அவர்களிடம் சொல்லப்பட்டது. இலவசச் சாப்பாடும், இறந்த பின் உடலைப் பரிசோதிக்க இசைந்தால் அடக்கச் செலவும் தரப்பட்டன. 1940-களில் அந்த நோயைக் குணப்படுத்தும் பென்சிலின் வந்த பிறகும் அது அவர்களுக்குத் தரப்படவில்லை. அந்த ஆய்வு வெளியே தெரிந்த பிறகுதான் ஆய்வுகளை முன்கூட்டியே பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுக்கள் சட்டப்படி வலுப்பெற்றன.

சாவு எப்போது நிகழ்கிறது என்பதிலும் சமூகத்தின் கருத்து நுழைகிறதா?

நுழைகிறது. 1968-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று மூளைச்சாவுக்கு இலக்கணம் வகுத்தது. பல நாடுகள் அதை ஏற்று உறுப்பு மாற்று சிகிச்சையை விரிவாக்கின. அதே ஆண்டு ஜப்பானில் நடந்த முதல் இதய மாற்று அறுவை, உறுப்பு தந்தவர் உண்மையில் இறந்திருந்தாரா என்ற கடும் ஐயத்தைக் கிளப்பியது. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பு பெற அங்கே சட்டம் வந்தது 1997-இல்தான். அறுவை நுட்பத்தில் எந்த நாட்டுக்கும் பின்தங்காத ஒரு நாடு, உடல் சூடாக இருக்கும் ஒருவரை இறந்தவர் என்று ஏற்க ஏறத்தாழ 30 ஆண்டுகள் யோசித்தது. அந்தத் தயக்கத்தை அறியாமை என்று தள்ளுவது நியாயமாகாது.

அருகிலிருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கு இந்த அமைப்பில் என்ன இடம்?

பிணியாளர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்ப்பவர் என்று மருத்துவத்தை நான்காகப் பகுப்பது நம் மொழியில் பழைய வழக்கம். இன்றைய அமைப்பு முதல் மூன்றுக்கும் கோப்பும் கட்டணமும் பட்டமும் வைத்திருக்கிறது; நான்காமவருக்கு ஒரு நாற்காலி கிடைத்தால் பெரிது. இரவில் எத்தனை முறை இருமினார், எந்த மாத்திரையைத் துப்பினார், எப்போதிலிருந்து பேச்சு குழறுகிறது என்பதெல்லாம் அவருக்கே தெரியும். பெரும்பாலும் அவர் ஒரு பெண். மனைவியோ மகளோ மருமகளோ. ஊதியம் இல்லாத வேலை என்பதாலேயே அது வேலையாகக் கணக்கில் வருவதில்லை, அவர் சொல்வதும் தகவலாகக் கணக்கில் வருவதில்லை. செவிலியர் பணியும் இப்படித்தான் நெடுங்காலம் கிடந்தது. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1860-இல் லண்டனில் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது அவர் எதிர்த்து நிற்க வேண்டியிருந்தது, இது யார் வேண்டுமானாலும் செய்யும் வேலைதானே என்ற எண்ணத்தைத்தான்.

இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டு, ஒரு நோயாளியாக நான் என்ன செய்ய முடியும்?

1984-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வின்படி, நோயாளி தன் தொல்லையைச் சொல்லத் தொடங்கியதிலிருந்து மருத்துவர் குறுக்கிடும்வரை ஆன நேரம் சராசரியாக 18 விநாடி. ஆகவே முக்கியமானதை முதலில் சொல்லுங்கள். பலர் சின்னச் சின்னத் தொல்லைகளை முன்னால் சொல்லிவிட்டு, எழுந்து, கதவில் கை வைத்த பிறகு, இன்னொன்று டாக்டர் என்று தொடங்குகிறார்கள். அந்த இன்னொன்றுதான் அவர்கள் வந்த காரியம். மார்பில் தென்பட்ட கட்டி, சிறுநீரில் கண்ட ரத்தம், வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம், இவையெல்லாம் கதவருகில்தான் வெளிவருகின்றன. கூச்சமே அதற்குக் காரணம். ஒரு தாளில் இரண்டு மூன்று வரி எழுதிக்கொண்டு போனால் கூச்சம் பாதி குறையும். வாயால் சொல்ல முடியாதபோது தாளை நீட்டினாலும் போதும்.

உடன் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். தனியாகப் பேச வேண்டியிருந்தால் அவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. இது வேறு எதுவாக இருக்கலாம், இந்தச் சிகிச்சை செய்யாவிட்டால் என்ன ஆகும், எந்த அறிகுறி தெரிந்தால் நான் உடனே திரும்பி வர வேண்டும் என்ற மூன்றையும் தயங்காமல் கேளுங்கள். பதற்றம்தான், வேறொன்றுமில்லை என்று சொல்லி அனுப்பப்பட்டும் உள்ளுக்குள் சரியில்லை என்று தோன்றினால், எந்தப் பரிசோதனையின் அடிப்படையில் அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டு, அந்த விடையை மருந்துச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்து பார்க்கும் மருத்துவர் விட்ட இடத்திலிருந்து தொடங்க அது உதவும்.